தொப்பிக்காகத் தலையா?

தொப்பி தலையில் சரியாக உட்காரவில்லை என்றால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது எப்போதும் தலைதான். 'உங்கள் தலை சற்று நீளம்', 'உங்கள் தலை வழக்கமான வடிவில் இல்லை', 'சிலருக்குத் தொப்பி அமைவதே இல்லை' என்று விற்பவர் சொல்கிறார். வாங்க வந்தவரும், பிறவிக் குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டவரைப்போல, தலையைத் தடவிக்கொண்டே வெளியேறுகிறார். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொன்னால் கைகொட்டிச் சிரிக்கும் உலகம், தொப்பி விஷயத்தில் மட்டும் இத்தனை பணிவு காட்டுவது ஏன் என்பதே நம் கேள்வி. பொருந்தாமை தொப்பியின் குற்றம். ஃபெல்ட் தொப்பியைப் பொறுத்தவரை அது திருத்தக்கூடிய குற்றமும்கூட.

தமிழிலக்கியம் கற்பிப்பவர்களுக்கு ஐரோப்பியத் தொப்பியோடு என்ன வழக்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான்; நம் ஊரில் ஃபெல்ட் தொப்பியைப் பெரும்பாலோர் கண்டது பழைய திரைப்படங்களில் துப்பறிவாளர் தலையில். நம் பேச்சு வழக்கிலோ குல்லா போடுவது என்றாலே ஏமாற்றுவது என்று பொருள். முண்டாசுக்கு அளவெண் கிடையாது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் அது அந்தத் தலையின்மீதே புதிதாக உருவாகிறது. ஆகவே இவ்வழக்கில் நமக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை. ஆனால் தலையை அளந்து, அளவுக்குள் அடங்காத தலையைக் குறைசொல்லும் வித்தை நம் ஊருக்கும் வந்து போயிருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்வோம்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். தொப்பியின் உட்புறத்தில் 57 என்றோ, அமெரிக்க வழக்கில் 7 1/8 என்றோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முன்னது தலையின் சுற்றளவு, சென்டிமீட்டரில். பின்னது ஏதோ நுட்பமான குறியீடு என்று மயங்க வேண்டாம்; அதே சுற்றளவை அங்குலத்தில் எடுத்துப் பையால் வகுத்தால் கிடைக்கும் விட்டம், அவ்வளவே. வட்டத்துக்குத்தான் ஒரே விட்டம். தலை வட்டம் அல்ல என்பதை அறிய வடிவியல் படித்திருக்க வேண்டியதில்லை, எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தால் போதும்.

ஒரு கணக்கு போடலாம். ஒருவர் தலை நெற்றியிலிருந்து பிடரி வரை 20 சென்டிமீட்டர் நீளம், காதுக்குக் காது 16 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு நீளம் 19, அகலம் 17. இரண்டையும் சீரான நீள்வட்டங்களாகக் கொண்டு சுற்றளவைக் கணக்கிட்டால் இரண்டுமே 56.6, 56.7 என்று அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இருவருக்கும் கடைக்காரர் எடுத்துத் தருவது ஒரே 57ஆம் எண் தொப்பிதான். அது இரண்டாமவருக்காகச் செய்யப்பட்டதுபோல் உட்காரும். முதலாமவருக்கோ நெற்றியிலும் பிடரியிலும் இறுக்கிப் பிடித்து, காதுகளின் மேல் இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி விடும். மாலையில் தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் சிவப்புக் கோடு, கூடவே தலைவலி. எண் சரி, அளவுநாடா சரி, தொப்பி மட்டும் சரியில்லை. சுற்றளவு என்பது வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்லாத ஓர் எண் என்ற எளிய உண்மையை ஒப்புக்கொள்ளாமல், 'அடுத்த அளவு போட்டுப் பாருங்கள்' என்கிறார்கள். அடுத்த அளவில் நெற்றி இறுக்கம் தளரும். பக்கவாட்டு இடைவெளியோ இன்னும் பெரிதாகும். முதல் காற்றிலேயே தொப்பி சாலையில் உருளும். அதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள்: நுரைப்பட்டை. பெரிய தொப்பியை விற்று, அதன் இடைவெளியை அடைக்க நுரைத் துண்டையும் விற்பது வணிகத்தில் ஒரு சாதனைதான், மறுப்பதற்கில்லை.

நுரைப்பட்டையே கூடாது என்பதல்ல நம் வாதம். தொப்பி எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தளர்ந்திருந்தால், உட்பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரையோ, மடித்த காகிதமோ வைப்பது நியாயமான தீர்வு. ஃபெல்ட்டை ஓரளவு விரிக்கலாம், சுருக்குவது கடினம் என்பதால் அங்கே அடைப்பதுதான் வழி. நாம் எதிர்ப்பது வடிவக் கோளாறை அளவுக் கோளாறாகத் திரித்துச் சொல்வதை.

ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. ஊடும் பாவும் அதற்கு இல்லை. முயல், குழிமுயல், நீர்நாயை ஒத்த பீவர் என்னும் விலங்கு ஆகியவற்றின் உரோமத்தையோ, மலிவான வகையில் ஆட்டு உரோமத்தையோ, ஈரத்திலும் சூட்டிலும் அழுத்திப் பிசைந்து உருவாக்கப்படுவது. உரோம இழையின் மேற்புறத்தில் மீன் செதில்போல நுண்செதில்கள் இருக்கின்றன. பிசையப் பிசைய இழைகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி, பின்வாங்க இயலாமல் சிக்கிக்கொள்கின்றன. இவ்வாறு சிக்கிய உரோமத்துக்கு ஒரு குணம் உண்டு. நீரும் சூடும் சேர்ந்தால், இழையின் கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. உலரும்போது, அந்நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் பிணைகின்றன. இரவில் ஈரத்தலையோடு படுத்தவர் காலையில் கண்ணாடியில் காண்பதும் இதே வேதியியல்தான். வைக்கோல் தொப்பிக்கோ, காலனிக் காலத்து அதிகாரிகள் அணிந்த நெட்டித் தொப்பிக்கோ இந்தக் குணம் இவ்வளவு இல்லை. உலகின் தலையணிகளில் ஃபெல்ட் அளவுக்குத் தலையின் சொல் கேட்கும் பொருள் குறைவு. அப்படிப்பட்ட பொருளை மாற்றமுடியாத கல்லாகக் கருதி, அதனோடு ஒத்துப்போகாத தலையைக் கல்லாக்குவதைத்தான் நாம் அநியாயம் என்கிறோம்.

செய்முறை இரகசியம் அல்ல. தொப்பியின் உள்ளே விளிம்பையொட்டி ஓடும் தோல் உட்பட்டையை வெளிப்புறமாகத் திருப்பிவிட வேண்டும். ஆவி படவேண்டியது ஃபெல்ட்டில்; தோலில் பட்டால் அது சுருங்கி விறைத்துவிடும், பிறகு எந்தத் தலைக்கும் ஆகாது. கெட்டிலின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேற்கூடும் விளிம்பும் கூடுகிற வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஃபெல்ட் கையில் தளர்வதை விரல்களே சொல்லிவிடும். நனைந்து சொட்டுமளவுக்குப் போகக்கூடாது. நீள்தலையருக்கானால், இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கங்களை உள்நோக்கி மெல்ல அழுத்தினால் முன்னும் பின்னும் தானாக நீளும். சுற்றளவு மாறுவதில்லை, அதே நீளத்து வளையம் வேறு உருக்கொள்கிறது, அவ்வளவுதான். வட்டத்தலையருக்கு இதன் மறுதலை: நெற்றியும் பிடரியும் உள்ளே, பக்கங்கள் வெளியே. உட்பட்டையைப் பழையபடி திருப்பிவிட்டு, சூடு ஆறிய பின் ஈரம் இருக்கும்போதே தலையில் வைத்துக்கொண்டு, உலரும் வரை அணிந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் வீட்டுக்குள் தொப்பியோடு நடமாடக் கூச்சப்படுபவர்கள், இரண்டு அரைவட்டக் கட்டைகளைத் திருகால் விலக்கும் மர விரிப்பானை உள்ளே வைக்கலாம். ஆனால் விரிப்பானுக்கு அதன் வடிவம்தான் தெரியும், உங்கள் வடிவம் தெரியாது. நெற்றியைவிடச் சிறந்த அச்சு நெற்றிக்கு இல்லை.

ஒரு முறையில் முழுதும் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. வளையத்தின் உருவம் மாறும்போது அதனோடு ஒட்டிய விளிம்பும் கோணிக்கொள்ளும். அதையும் ஆவி காட்டி, தட்டையான பலகையில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆட்டு உரோம ஃபெல்ட் அதிகச் சூட்டில் சுருங்கும் என்பதால் அங்கே கூடுதல் நிதானம் தேவை. இவையெல்லாம் நிதானத்தோடு ஒருவர் வீட்டிலேயே செய்யக்கூடியவை. அரக்குப் பசையால் விறைப்பாக்கப்பட்ட பௌலர் போன்ற தொப்பிகள் மட்டும் விதிவிலக்கு. அவை கையழுத்தத்துக்கு இணங்கா. அவற்றுக்குக் கைதேர்ந்த தொப்பிக்காரரும் கருவியும் வேண்டும்.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. கன்ஃபார்மேட்டர் என்று அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸில் உருவானது. பார்ப்பதற்கு ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளை வளைத்துச் செய்த கிரீடம்போல இருக்கும். தலையில் வைத்தால் சுற்றியுள்ள கட்டைகள் ஒவ்வொன்றும் தலையின் அந்தந்தப் புள்ளி வரை நகரும். மேலே உள்ள மூடியை அழுத்தினால் ஊசிகள் ஒரு சிறு அட்டையில் அத்தலையின் சுற்றுருவைச் சிறிதாக்கிக் குத்திவைக்கும். பிறகு அந்த அட்டையைக்கொண்டு இன்னொரு கருவியில் அதே உருவத்தை முழு அளவில் மீட்டெடுத்து, சூடாக்கிய தொப்பியை அதன்மேல் பொருத்துவார்கள். 1676இல் தொடங்கப்பட்டு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இன்றும் நடக்கும் லாக் நிறுவனம், புகழ்பெற்ற வாடிக்கையாளர்கள் பலரின் தலை அட்டைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவ்வகை அட்டைகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: ஒன்றுகூட ஒழுங்கான நீள்வட்டம் இல்லை. ஒன்று பேரிக்காய், ஒன்று கோணிய முட்டை, ஒன்றில் இடப்பக்கம் மட்டும் ஒரு புடைப்பு. 'வழக்கமான வடிவம்' என்று கடைக்காரர் சொல்லும் தலை யாருடைய கழுத்தின்மேல் இருக்கிறது என்று நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொப்பிக்காரர் நீள்வட்டம், வட்டம் என்று பிரிப்பதும், 1840களில் சுவீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் நீள்தலை, குறுந்தலை என்று மனிதர்களைப் பிரித்ததும் கணக்களவில் ஒன்றே. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது தலைக்குறியெண். நாம் மேலே சொன்ன முதலாமவருக்கு 80, இரண்டாமவருக்கு ஏறத்தாழ 89. தொப்பிக்காரர் இந்த விகிதத்தை அறிந்ததும் தொப்பியை மாற்றினார். மானுடவியலார் அதே விகிதத்தை அறிந்ததும் மனிதனைத் தரம்பிரித்தார்கள்.

1861இல் பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் நடந்த விவாதம் இதற்கு வேடிக்கையான சான்று. மூளையின் பருமனுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டு என்றார் பால் புரோக்கா. இல்லை என்றார் லூயி பியர் கிராத்தியோலே. புரோக்கா தரப்பின் பெருஞ்சான்று ஜார்ஜ் குவியே. 1832இல் இறந்த அந்த இயற்கையியல் அறிஞரின் மூளை 1830 கிராம் எடை இருந்ததாகப் பதிவு. அவரது மண்டையோட்டின் அளவு கைவசம் இல்லாததால் கிராத்தியோலே அவருடைய தொப்பியைத் தேடிப்பிடித்து, பாரிஸின் பேர்பெற்ற தொப்பிக்காரர் ஒருவரிடம் எடுத்துச் சென்றார். பெரிய தொப்பிதான், ஆனால் கடையில் விற்கும் அளவுகளுக்கு அப்பாற்பட்டதல்ல என்று பதில் வந்தது. அதோடு, நெடுநாள் அணிந்ததில் அந்தத் தொப்பி இளகி நெகிழ்ந்து போயிருக்கிறது, குவியேவுக்கு அடர்ந்த முடி வேறு என்பதையும் கிராத்தியோலே எடுத்துக்காட்டினார். ஸ்டீவன் ஜே கூல்ட் தம் 'த பாண்டாஸ் தம்ப்' நூலில் (1980) இக்கதையை விரித்துச் சொல்கிறார். ஒரு மேதையின் மேதைமையைத் தொப்பியால் அளக்க வந்தவர்களுக்கு, தொப்பியே அணிந்தவர் போக்குக்கு வளைந்துவிட்ட ஒன்று என்ற பதில் கிடைத்தது நமக்கு மிகவும் உவப்பானது. இருந்தும் அந்த விவாதத்தில் பெருவாரியான செல்வாக்கு புரோக்கா பக்கமே சென்றது.

அந்த அளவுகோல் கப்பலேறி இங்கும் வந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இடுக்கியளவையோடு தென்னிந்தியா முழுதும் அலைந்து மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' நூலில் சாதிவாரியாக அந்த எண்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1901 குடிமதிப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் சமூகப் படிநிலைக்கும் எதிர்விகிதத் தொடர்பு உண்டென்றே எழுதினார். தர்ஸ்டனின் தொகுதிகளை நாட்டார் வழக்காற்றுக் களஞ்சியமாக இன்றும் நம் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தட்டும், அதில் தகவல் உண்டு. ஆனால் அதிலுள்ள அட்டவணைகளைக் கடக்கும்போது, அளக்கப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவால் ஒரு தலைப்பாகைத் துணியும் கிடைத்ததில்லை என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. ஒரே இடுக்கியளவை. ஒருவர் கையில் அது பணிவிடைக் கருவி, மற்றவர் கையில் தீர்ப்பு. 'உங்கள் தலை வழக்கமான வடிவில் இல்லை' என்ற கடைக்காரரின் வாக்கியம் இவற்றுள் எந்தப் பரம்பரையைச் சேர்ந்தது என்பதை வாசகர்களே தெரிந்துகொள்ளலாம்.

இனி, நம் பக்கத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு வருபவர்களிடமும் ஒரு பேச்சு இருக்கிறது. 'அந்தக் காலக் கைவினைஞர் போல் வருமா, இயந்திரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது' என்று உருகுபவர்கள் இவர்கள். கைவினைக்கு நாம் எதிரிகள் அல்லர். ஆனால் அந்தக் கைகள் எதனால் நடுங்கின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உருகட்டும். முயல் உரோமம் எளிதில் பிணைய வேண்டி அதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் தோய்த்தார்கள். உரோம நுனிகள் கேரட் நிறம் கொண்டதால் அந்த வேலைக்கே ஆங்கிலத்தில் கேரட்டின் பெயர்தான். பிறகு அந்த உரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் பிசைந்தபோது பாதரச ஆவி தொழிலாளியின் நுரையீரலுக்குள் சென்றது. கைநடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமற்ற கூச்சமும் எரிச்சலும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன டான்பரி நகரம், 'டான்பரி நடுக்கம்' என்று ஒரு நோய்க்கே தன் பெயரை ஈந்தது. தொப்பிக்காரனைப்போலப் பைத்தியம் என்ற ஆங்கில மரபுத்தொடர் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதை வெளிவந்த 1865க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது; அத்தொடரின் தோற்றம் பாதரசம்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, நோயில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் பாதரசம் கைவிடப்பட்டது 1941 டிசம்பரில்தான். பாதரசம் போர்த்தளவாடங்களுக்கு வேண்டியிருந்த நேரம் அது என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். எத்தனை தலைமுறைத் தொழிலாளர்களின் நரம்புகளைத் தின்ற பிறகு! அன்றைய தொப்பி இன்றைய தொப்பியைவிட மெதுவாக இருந்தது என்று புகழ்வோர், இந்த விலைப்பட்டியலையும் வாசித்துவிட வேண்டும்.

இதில் நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. பாட்டனார் காலத்துப் பெட்டியிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ கிடைத்த தொப்பியை நாம் மேலே சொன்ன முறையில் ஆவியில் காட்டவே கூடாது. அத்தகைய தொப்பிகளில் பாதரசம் இன்னும் எஞ்சியிருப்பதை அருங்காட்சியகத்தார் சோதித்து அறிந்திருக்கிறார்கள், கையுறையோடுதான் தொடுகிறார்கள். புதுத் தொப்பிக்கு மட்டுமே நம் கெட்டில்.

தொழில் தரப்பின் வாதத்தையும் கேட்டுவிடுவோம். ஒவ்வோர் எண்ணிலும் மூன்று வடிவங்கள் செய்தால் சரக்கு மூன்று மடங்காகும், விலை ஏறும், விற்காதது தேங்கும் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அமெரிக்கக் கௌபாய்த் தொப்பி செய்வோர் சிலர் நீள்வட்டத்தைத் தனியே செய்து விற்கிறார்கள். அவர்கள் கடையை மூடிவிடவில்லை. மூன்று வடிவம் செய்ய இயலாதவர்களிடம் நாம் கேட்பது அதுவும் இல்லை. தொப்பியின் உட்புற நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டால், வாங்குபவர் தன் தலையை அளந்துகொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அறிந்தே வாங்குவார். கடையில் ஓர் ஆவிக் கெட்டில் வைத்து, விற்ற தொப்பியை விற்ற இடத்திலேயே திருத்திக் கொடுப்பது பெருஞ்செலவு அல்ல. பழைய தொப்பிக்கடைகளில் அது விற்பனையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 'வல்லுநரிடம் கொடுங்கள்' என்று கைவிரிக்கும் கடை, அந்த வல்லுநரை வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் விட்டது யார் என்பதையும் சொல்லட்டும்.

இரண்டு எண்களுக்கு உட்பட்டையில் இடமில்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இப்போது அங்கே பொன்னெழுத்தில் நாலு விரற்கடை அகலத்துக்குப் பொறிக்கப்பட்டிருக்கின்றன.